ஜெயராணி சிஸ்டர் வீடு

ஜெயராணி உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்ததில்லை என்று அவள் கணவன் சார்லஸ் எல்லோரிடமும் சொல்வான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு ஒரு வாய். பிறகு போய்ச் சுவரைத் தட்டிப் பார்ப்பாள். இன்னொரு வாய், பிறகு குழாயைத் திருகிப் பார்ப்பாள். கடலூர் அரசு மருத்துவமனையில் நர்ஸ் வேலை. நாளெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வருகிறவள் வீட்டிலும் நின்றுகொண்டே இருப்பாள். இது பிறவியில் வந்த குணம் அல்ல. தாமரை நகருக்குக் குடிவந்த பிறகு வந்தது.

தாமரை நகர் செம்மண்டலத்தைத் தாண்டி, நெல்லிக்குப்பம் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். ஆசிரியர்கள், சர்க்கரை ஆலைக்காரர்கள், கோர்ட்டு ஊழியர்கள் என்று பலர் சேர்ந்து எண்பதுகளில் மனை வாங்கிக் கட்டிய தெருக்கள். ஜெயராணி வாங்கிய வீடு ஒரு கணக்கு வாத்தியாருடையது. மகனோடு பெங்களூருக்குப் போகிறவர், யார் கேட்டாலும் கொடுத்துவிட்டுப் போகிற அவசரத்தில் இருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த சார்லஸ் அவர் வீட்டு மீட்டரைச் சரிசெய்யப் போனபோது பேச்சு வந்தது. 2004 ஆவணியில் கிரயம் முடிந்தது. வெள்ளையடித்து, சபைப் போதகரை அழைத்து ஜெபம் செய்து, பால் காய்ச்சினார்கள். தெருக்காரர்கள் சிலர் வந்தார்கள். பக்கத்து வீட்டு அமிர்தம் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். வயிறு சரியில்லை என்று காபியைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு வாழைப்பழத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனார். புது இடம், போகப்போகச் சரியாகிவிடும் என்று ஜெயராணி நினைத்துக்கொண்டாள்.

அந்த வருடக் கடைசியில் கடல் ஊருக்குள் வந்தது. ஜெயராணி பல நாள் வீட்டுக்கு வரவில்லை. வார்டு, வராந்தா, மாடிப்படி எல்லாம் மனிதர்கள். யாருக்கு யார் உறவு என்று கேட்டுக்கேட்டே அவள் தொண்டை கட்டிப்போனது. ஒருநாள் காலை, போய்க் குளித்துவிட்டு வா என்று மேட்ரன் துரத்திவிட்டார். வீட்டுக்கு வந்து, கொல்லையில் இருந்த கூரையில்லாத குளியலறையில் முதல் செம்பு தண்ணீரை ஊற்றிக்கொண்டபோதுதான் மதிலுக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது. அமிர்தத்தின் கணவர் வைத்திலிங்கம், சர்க்கரை ஆலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவர். தன் வீட்டை ஒட்டிக் கிடந்த காலிமனையை விற்பதற்காக யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தார்.

"மனை நல்லாத்தான் இருக்கு. கடல்லேர்ந்து இவ்ளோ தூரம் தள்ளி வந்துட்டா பயமில்ல," என்றது வந்தவரின் குரல். "அதோ, அந்த வூடு யாருது?"

"ஒரு சிஸ்டரு. பெரியாஸ்பத்திரில வேலை. வூட்டுக்காரர் ஈ.பி.ல இருக்காரு. அண்ணாகிராமம் பக்கம்."

"அண்ணாகிராமம் பக்கம்னா... ஊரா, காலனியா?"

வைத்திலிங்கம் செருமுவது கேட்டது.

"காலனிதான். ஆனா வூட்ட சுத்தமா வெச்சிருப்பாங்க."

வந்தவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் மறைந்ததும் வைத்திலிங்கம் மனைவியிடம் எரிந்து விழுந்தார். "கடல் வந்ததுலேர்ந்து எல்லா நகர்லயும் ரேட்டு ஏறுது. நம்ம தெருவுல மட்டும் எறங்குது. எல்லாம் அந்த வாத்தியாரு பண்ணிட்டுப் போன வேலை."

ஜெயராணி செம்போடு நின்றாள். இதைவிட மோசமான பேச்சைப் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு வளர்ந்தவள். அதனால் அழுகை வரவில்லை. கேட்டவன் கேட்டதும் புதிதல்ல. சொன்னவர் போட்ட அந்த 'ஆனா'தான் முள் மாதிரி உள்ளே போய் நின்றது. அதற்கும் மேலே அந்த ரேட்டுப் பேச்சு. தான் வந்ததால் ஒரு தெருவே விலை குறைந்துவிட்டதா? ஈரத்தலையோடு திரும்ப மருத்துவமனைக்குப் போகும்போது, ஷேர் ஆட்டோவில் இருந்தபடியே ஒவ்வொரு வீட்டு மதிலையும் பார்த்துக்கொண்டு போனாள். ரேட்டுதானே, ஏற்றிக் காட்டுகிறேன் என்று நினைத்தாள். சார்லஸிடம் தான் கேட்டதைச் சொல்லவில்லை.

அடுத்த கோடையில் காம்பவுண்டுச் சுவர் எழுந்தது. தெருவில் யாருக்கும் இல்லாத அளவுக்கு நேராக, மேலே கருங்கல் பட்டை பதித்து. அதற்கடுத்து கிரில் கேட். கேட்டைப் பார்த்ததும் உள்ளே மொசைக் தரை பழசாகத் தெரிந்தது. வெட்ரிஃபைடு டைல்ஸ் போட்டாள். தரை பளபளத்ததும் கதவு மங்கலாகத் தெரிந்தது. தேக்கில் கதவு வந்தது. பிறகு போர்டிகோ. பிறகு மாடியில் ஒரு அறை, அதற்குப் படி, படிக்குக் கைப்பிடி. ஒரு வேலை முடிந்து கொத்தனார் கரணையைக் கழுவும்போதே அவள் கண் அடுத்த இடத்துக்குப் போய்விடும். வார்டில் ஊசி போடும்போதுகூட, சன்ஷேடில் நீர் சொட்டுகிற மூலை நினைவுக்கு வரும்.

"நம்ம வூட்டுல என்னிக்காவது சிமெண்டு வாசனை இல்லாம சோறு தின்னுருக்கமா?" என்று சார்லஸ் ஒருநாள் கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அவன் கோபப்படத் தெரியாதவன்.

"ஒரு நாளைக்கி விக்கணும்னா வேல்யூ இருக்கணுமில்ல?"

"விக்கப் போறமா?"

"சொல்றேன்ல, ஒரு நாளைக்கின்னு."

அவள் அம்மா முத்தம்மாள் ஊரிலிருந்து வந்து தங்குவதுண்டு. வேர்க்கடலை உரித்துக்கொண்டே மகள் அங்குமிங்கும் நடப்பதைப் பார்ப்பாள். "ஏண்டி, நீ இந்த வூட்டுக்குச் சித்தாளா, சொந்தக்காரியா?" என்று ஒருமுறை கேட்டாள். ஜெயராணி சிரித்துவிட்டு ஏணியை நகர்த்திப் போட்டாள்.

வேடிக்கை என்னவென்றால், தெரு அவளைப் பார்த்து மாற ஆரம்பித்தது. எதிர்வீட்டுக்காரர் அதே மாதிரி கிரில் கேட் வைத்தார். மூலைவீட்டில் டைல்ஸ் போட்டபோது கடை எது என்று அவளிடம்தான் கேட்டார்கள். "சிஸ்டர் வூட்டு போர்டிகோ மாதிரி" என்று கொத்தனாரிடம் சொல்கிற பழக்கம் வந்துவிட்டது. காலிமனைகளில் வீடுகள் எழுந்தன. வைத்திலிங்கத்தின் காலிமனையும் விலைபோனது. புதிதாக வந்தவர்கள் அவள் வீட்டைக் கடக்கும்போது நடையை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு அது தெரியும். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பாள். ஆனால் யாரும் உள்ளே வந்து உட்காரவில்லை. எல்லோருக்கும் அவள் 'சிஸ்டர்'தான். ஜுரத்துக்கு மாத்திரை கேட்க, அப்பாவுக்குப் பிரஷர் பார்க்க, கேட்டுக்கு வெளியே நின்றபடி கூப்பிடுவார்கள். அக்கா என்றோ அண்ணி என்றோ ஒருவரும் கூப்பிட்டதில்லை.

வைத்திலிங்கம் மட்டும் தன் வீட்டில் ஒரு செங்கல்லையும் மாற்றவில்லை. பாசி படிந்த கைப்பிடிச் சுவர், சிமெண்டு உதிர்ந்த படிக்கட்டு, பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சமையல்கட்டு. ஜெயராணி வீட்டில் வேலை நடக்கும்போதெல்லாம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

"இதுக்கெல்லாம் ஜாஸ்தி செலவு பண்ணாத சிஸ்டர். போட்டது திரும்பி வராது. விக்கிறப்ப எல்லாத்தையும் தெரு ரேட்டுக்குத்தான் கேப்பான்."

"தெரு ரேட்டு ஏறும் சார்," என்பாள் அவள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வாள். அவருக்கு அதில் எதுவும் உறைத்ததாகத் தெரியாது.

வீட்டுக்கு ஒரு குறை மட்டும் தீரவில்லை. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டார்கள். தெரு உயர உயர வாத்தியார் கட்டிய வீடு பள்ளத்துக்குப் போனது. 2010 ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் போர்டிகோவைத் தாண்டி, தேக்குக் கதவுக்கு அடியில் புகுந்து, டைல்ஸ்மேல் கெண்டைக்கால் அளவு நின்றது. சாக்கடை வாடை போக ஒரு மாதம் ஆனது. ஜெயராணிக்குத் தூக்கம் போயிற்று. வெள்ளம் புகுந்த வீடு என்று பேர் வந்துவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

மறு கோடையில் ஹரியானாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறவர்கள். சென்னையில் செய்கிறார்கள் என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டு அவளே தேடிப் பிடித்தாள். அஸ்திவாரத்தை ஒட்டிச் சுற்றிலும் பள்ளம் தோண்டி, சுவருக்கு அடியில் வரிசையாக ஜாக்கிகளைச் செருகினார்கள். தலைவன் கைதட்டினால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு திருகு. வீடு முனகியது. சார்லஸ் வெளியில் நின்று பார்க்க முடியாமல் வேலைக்குப் போய்விட்டான். மகன் சித்தார்த், அப்போது பிளஸ் ஒன் முடித்திருந்தவன், அம்மா பக்கத்தில் வந்து நின்றான்.

"அம்மா, இந்த வூட்ட யாருக்காகக் கட்டுற?"

"நமக்குத்தான்டா."

"நமக்குன்னா போன வருஷமே போதும்."

அதற்குள் வைத்திலிங்கம் வந்துவிட்டார். இந்த முறை கைகள் பின்னால் இல்லை.

"ஏம்மா, உன் வூட்ட ஒசத்துனா தண்ணி எங்க போவும்? எங்கூட்டுக்குத்தான வரும்? ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"ரோட்ட ஒசத்தி எங்கூட்டுக்குத் தண்ணி வந்தப்ப யாரு சார் கேட்டாங்க?"

"ரோடு கவுர்மெண்டு போடறது. நீ பக்கத்து வூடு."

"பக்கத்து வூடுன்னு இப்பத்தான் ஞாபகம் வந்துதா?" என்று கேட்டுவிட்டாள். தெருவே நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. வைத்திலிங்கம் திரும்பிப் போய்விட்டார். வீடு இடுப்பளவு உயர்ந்தது. கீழே புதுச் சுவர் எழுப்பி அடைத்தார்கள். ஒரு டைல்ஸும் விரிசல் விடவில்லை. அதற்குப் பிறகு அவர் பிரஷர் பார்க்கவும் வரவில்லை.

அந்தக் கார்த்திகையில் மழை கொட்டியது. விடிகாலையில் ஜெயராணி போர்டிகோவுக்கு வந்தபோது தெரு வாய்க்காலாக ஓடியது. அவள் படியில் இரண்டு மட்டுமே நனைந்திருந்தன. ஓடிவந்த தண்ணீர் அவள் மதிலில் மோதித் திரும்பி, நேராக வைத்திலிங்கத்தின் கேட்டுக்குள் போனது. அமிர்தம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். ஜெயராணிக்குள் ஒரு நிம்மதி தலைகாட்டியது. ஒரு நொடிதான். தனக்கு வந்த அந்த நிம்மதியைப் பார்த்து அவளுக்கே உடம்பு கூசியது. செருப்பை உதறிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள்.

"சார்லஸ்! வாங்க, அந்த பிரிஜ்ஜத் தூக்கணும்!"

மூட்டை, மெத்தை, மிக்சி, சாமி படங்கள் எல்லாம் அவர்கள் மாடி அறைக்கு ஏறின. அமிர்தமும் ஏறினார். வைத்திலிங்கம் வரமாட்டேன் என்றார். கட்டிலுக்குக் கீழே செங்கல் அடுக்கி, அதன்மேல் கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஜெயராணி முழங்கால் அளவு தண்ணீரில் நடந்து போய் அவர் சர்க்கரை மாத்திரையைத் தேடி எடுத்துக் கையில் கொடுத்தாள். "கோவத்த அப்பறம் பாத்துக்கலாம் சார். மாத்தரையப் போடுங்க," என்றாள். அவர் போட்டுக்கொண்டார். மாலையில் அவராகவே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். அமிர்தம் அந்த வாரம் முழுக்க ஜெயராணி சமைத்ததைச் சாப்பிட்டார். ஒருநாள் ரசத்தை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டு, "முன்னாடியே வந்திருக்கணும் நானு," என்றார். ஜெயராணி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

மார்கழி நடுவில் 'தானே' புயல் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கடலூர் முழுக்கக் கம்பங்கள் ஒடிந்து கிடந்தன. சார்லஸ் வாரக்கணக்கில் ஊர் ஊராகக் கம்பம் நட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்தால் சட்டையோடு தூங்கினான். வைத்திலிங்கம் வீட்டுச் சமையல்கட்டுக் கூரை பறந்து எங்கேயோ போய்விட்டது. மகள் கனிமொழி சென்னையிலிருந்து வந்து, இனி இங்கே இருக்கவேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள். அவர் வீடு விலைக்கு வந்தது.

2012 ஆடிக்கு முன்னால், ஜெயராணிக்குப் பதவி உயர்வோடு சிதம்பரம் மருத்துவமனைக்கு மாற்றல் வந்தது. சித்தார்த்துக்கும் சிதம்பரத்திலேயே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது.

"பஸ்சுல ஒரு மணி நேரம். போயிட்டு வரலாமே," என்றான் சார்லஸ்.

"வேணாம். வித்துடலாம்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். எட்டு வருடமாக இந்த நாளுக்காகத்தான் ஓடினாளோ என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.

புரோக்கர் இளவரசு தெருக்கோடியில் இருந்த பையன். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தான். "இந்த ஏரியாவுலயே இப்புடி வூடு இல்ல சிஸ்டர். வெள்ளமே வராது. பாத்த ஒடனே அட்வான்ஸ் குடுப்பாங்க," என்றான். பிறகு கூடத்துச் சுவரைப் பார்த்தான். அங்கே இயேசு படமும், நீலக் கோட்டு போட்ட அம்பேத்கர் படமும் அருகருகே மாட்டியிருந்தன. தலையைச் சொறிந்தான்.

"பார்ட்டி வர்ற அன்னிக்கி மட்டும் அந்த ரெண்டு படத்தையும் உள்ள வெச்சிடுங்க சிஸ்டர். எனக்கு ஒண்ணும் இல்ல. ரேட்டுக்காகச் சொல்றேன்."

ஜெயராணி அவனைத் திட்டியிருக்கவேண்டும். திட்டவில்லை. காடாம்புலியூரிலிருந்து முந்திரி வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வருகிற நாளில், இரண்டு படங்களையும் கழற்றிப் போர்வையில் சுற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். வந்தவர்கள் ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள். வியாபாரியின் மனைவி அடுப்படிக் கிரானைட்டை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தார். "எங்க வாங்குனீங்க, எவ்ளோ நல்லா வெச்சிருக்கீங்க," என்று மனம்விட்டுச் சொன்னார். ஜெயராணி கொடுத்த காபியைக் குடித்தார். அந்தக் கணத்தில் ஜெயராணிக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர்கள் போன பிறகு சார்லஸ் வந்தான். கூடத்தில் நின்று சுவரைப் பார்த்தான்.

"அவுங்க ரெண்டு பேரும் எங்க?" என்று கேட்டான்.

அவள் பீரோவைக் காட்டினாள். அவன் போர்வையைப் பிரித்து, படங்களைத் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டினான். பிறகு குளிக்கப் போனான். அந்த ஒரு வேலையை மட்டும் அவள் செய்திருக்கக் கூடாது என்பது, அவன் திட்டாமல் போனதால் இன்னும் கனமாக விழுந்தது. அன்று முழுக்க அவனைப் பார்த்துப் பேச அவளுக்கு முகமில்லை.

சில நாள் கழித்து இளவரசு வந்தான். உட்காராமல் நின்றான்.

"பார்ட்டி தெருவுல விசாரிச்சிருக்காங்க சிஸ்டர்."

"சரி."

"வாங்கிக்கிறாங்களாம். ஆனா மனைக்கு உண்டான ரேட்டுதான் குடுப்பாங்களாம். கட்டடத்துக்கு இல்லியாம்."

"ஏன்? கட்டடத்துக்கு என்ன கொறை?"

"கொறையெல்லாம் ஒண்ணும் இல்ல சிஸ்டர்." அவன் கதவுப் பக்கம் பார்த்தான். "தரைய மட்டும் பேத்துட்டு வேற போட்டுக்குவாங்களாம். அடுப்பங்கரையும் மாத்திக்குவாங்களாம். அதுக்கு ஆவுற செலவ அவுங்க பாக்கணுமில்ல."

ஜெயராணி குனிந்து தரையைப் பார்த்தாள். ஒவ்வொரு டைல்ஸாகக் கடையில் தட்டிச் சத்தம் கேட்டு எடுத்த தரை. ஜாக்கியில் ஏறியும் விரிசல் விடாத தரை. "வேணாம்னு சொல்லிடு," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அந்த வாரமே வைத்திலிங்கத்தின் வீடு விலைபோய்விட்டது. பாசி, உதிர்ந்த படிக்கட்டு, பறந்துபோன கூரை எல்லாவற்றோடும், ஜெயராணி வீட்டுக்கு வியாபாரி சொன்ன தொகைக்கு மிக அருகில். வைத்திலிங்கம் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். முதல்முறையாகக் கூடத்துச் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எல்லாம் உன் புண்ணியம் சிஸ்டர். வந்தவங்ககிட்ட உன் வூட்டத்தான் காட்டுனேன். இந்த மாதிரி வூடுங்க இருக்கற தெரு, நீங்களும் இப்புடி கட்டிக்கலாம்னேன். ஒடனே புடிச்சிப்போச்சு."

ஜெயராணி பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டாள். "பக்கத்து வூடு யாருன்னு கேக்கலையா சார்?"

"கேட்டாங்க. சிஸ்டருன்னு சொன்னேன். வெள்ளத்துல எங்கள மாடியில வெச்சிப் பாத்துக்கிட்டவங்கன்னு சொன்னேன்."

"ஊரா, காலனியான்னு கேக்கலையா?"

அவர் கை சோபாக் கையில் அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஏதோ ஒரு பழைய காலைப்பொழுது மெல்லமெல்லத் திரும்பி வருவதை ஜெயராணி பார்த்தாள்.

"அது... அன்னிக்கி நீ உள்ள இருந்தியா?"

"குளிச்சிக்கிட்டு இருந்தேன் சார். சுனாமி டூட்டி முடிச்சி வந்து."

வைத்திலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "இப்பவும் கேட்டாங்க," என்றார். "தெரியாதுன்னு சொல்லிட்டேன். வூடு கைவிட்டுப் போயிடுமோன்னு பயம்."

ஆக, அவள் வீட்டைக் காட்டியிருக்கிறார். அவளை மறைத்துவிட்டார். படத்தைக் கழற்றிவைத்த கையோடு இதற்காக அவரைக் கோபித்துக்கொள்ள ஜெயராணிக்கு வாய் வரவில்லை. "டீ குடிக்கிறீங்களா சார்?" என்று கேட்டாள். குடித்தார். போகும்போது கேட்டருகில் நின்று, "தப்புதாம்மா," என்றார். அவர்கள் சென்னைக்குப் போன அன்று அமிர்தம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஆவணியில் அறிவுமதி வந்தாள். ஸ்கூட்டியில் தனியாக. பள்ளி ஆசிரியை, புதிதாகக் கடலூருக்கு மாற்றலாகி வந்தவள், கணவன் தாலுகா ஆபீசில். கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரில் இருந்த படங்களைப் பார்த்தாள்; இறுகியிருந்த அவள் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. டைல்ஸையோ கிரானைட்டையோ அவள் பார்க்கவில்லை. நேராகக் கேட்டாள்.

"இங்க எப்புடி இருந்துதுக்கா?"

'ரொம்ப நல்ல தெரு' என்று சொல்ல ஜெயராணி வாயைத் திறந்தாள். வீட்டை விற்கவேண்டும், மாற்றல் ஆகி மாதம் ஓடிவிட்டது, தினமும் பஸ்ஸில் இடுப்பு ஒடிகிறது. ஆனால் எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை. வாழைப்பழத்திலிருந்து ஆரம்பித்தாள். குளியலறை, கேட்டுக்கு வெளியே நிற்கிறவர்கள், ஜாக்கி, வெள்ளம், ரசம், தரையைப் பெயர்ப்பேன் என்றவர், ஸ்வீட் பாக்கெட், எதையும் விடவில்லை. சார்லஸிடம் இதுவரை சொல்லாததையும் சொன்னாள். சார்லஸ் உள்ளறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அறிவுமதி மெதுவாக எழுந்து, வீட்டுக்காரரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனாள்.

"அவ வரமாட்டா," என்றாள் ஜெயராணி.

சார்லஸ் வேறு ஒன்றைக் கேட்டான். "எட்டு வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வித்துடலாம்னு சொல்லுவீங்க."

"ஆமா, சொல்லித்தான் இருப்பேன்," என்றான் அவன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவளும் உட்கார்ந்தே இருந்தாள்.

அறிவுமதி அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவனோடு வந்தாள். அவன் மாடி ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஜெயராணியிடம் தணிந்த குரலில் சொன்னாள்: "நீங்க சொன்னத அவருகிட்ட முழுசாச் சொன்னேன். ரெண்டு பேரும் நெறைய யோசிச்சோம். எங்க போனாலும் இந்தக் கேள்வி வரத்தான் போவுது. இங்கன்னா, அதுக்காக நாங்க புதுசா ஒண்ணும் கட்டிக்காட்ட வேணாம்லக்கா? வந்து சும்மா இருந்துக்கலாம்ல?"

இத்தனை வருடத்தில் அவள் வீட்டுக்குப் போட்ட விலைகளில் இப்படி ஒன்று இருந்ததில்லை. "இருந்துக்கம்மா," என்றாள். "மோட்டார் மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணும். அத நான் மாத்திக் குடுத்துடறேன்."

"வேணாங்க்கா. நாங்களே பாத்துக்கறோம்."

வியாபாரி கேட்டதைவிட அதிகத்துக்கும், ஜெயராணி வீட்டில் போட்டதைவிடக் குறைவுக்கும் வீடு கைமாறியது. அவள் பேரம் பேசவில்லை. மோட்டாரை மட்டும் சொல்லாமல் மாற்றிவைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாள்.

சிதம்பரத்தில் ரயிலடிப் பக்கம் ஒரு மாடி வீடு வாடகைக்குக் கிடைத்தது. சார்லஸுக்கும் மாற்றல் வந்தது. சிமெண்டுத் தரை, சுண்ணாம்புச் சுவர், தண்ணீர் வந்தால் வந்தது. முதல் மாதம் ஜெயராணி ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. அதனாலேயே சரியாகத் தூங்கவும் இல்லை. ஜன்னலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். விடுமுறை நாள் வந்தால் மனை விற்பனை போர்டுகளைப் படித்துக்கொண்டே புவனகிரி ரோடு வரைக்கும் போய் வருவாள். எந்த மனையையும் விலை கேட்கமாட்டாள்.

இரண்டாம் மாதம் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றாள்.

"வாடக வூட்டுக்கா?" என்றான் சார்லஸ்.

"இருக்கற வரைக்கும் நாமதான பாக்கணும்."

டப்பாவைத் திறந்து பார்த்துச் சித்தார்த் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். பழுத்த மிளகாய்ச் சிவப்பு. கடலூர் வீட்டுக்கு அவள் ஒருமுறைகூட நிறம் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லோரும் எதை வாங்குகிறார்கள் என்று கடைக்காரனைக் கேட்பாள், அதையே வாங்குவாள். இந்த முறை நிற அட்டையை முழுக்கப் புரட்டி அவளே விரல் வைத்துக் காட்டியிருக்கிறாள். கூடத்தின் ஒரு சுவர் முழுக்க அடித்தாள். புடவை, முழங்கை, கழுத்து எல்லாம் சிவப்பு.

வீட்டுச் சொந்தக்காரர் ராமாமிர்தம், வாடகை வாங்க வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது, ரத்தம் மாதிரி? நாளைக்கி அடுத்து குடிவர்றவன் இதப் பாத்தா என்னா சொல்லுவான்?"

"அவுங்க வந்து சொல்லட்டும் சார். எனக்குப் புடிச்சிருக்கு."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார். ஜெயராணிக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது. தட்டில் இருந்த இட்லியைப் பாதி தின்று, மீதியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனையில் ஷேர் ஆட்டோவில் ஒடுங்கி உட்கார்ந்த பிறகுதான், கூடத்துச் சுவரில் ஜன்னலோரம் நிறம் திட்டுத்திட்டாக நிற்கிறது, இன்னொரு கோட்டு அடித்தால்தான் சரியாக வரும் என்று தோன்றியது.